ஏழு செக்கனும் பதினொரு விருந்தும்

என் பந்தய வாழ்க்கையின் ஆகப் பெரிய விபத்து நடந்தபோது கார் நின்றுகொண்டிருந்தது. என்ஜினைக்கூட யாரும் ஸ்டார்ட் பண்ணியிருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வளைவுகளில் சுழன்றிருக்கிறேன், டயர்ச் சுவரில் மோதியிருக்கிறேன், ஒருமுறை முன் சக்கரம் கழன்று என்னை முந்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. இந்த ஒன்று மட்டும் ரொறன்ரோவில் பிறந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். ரியூஷனுக்குப் போகிற வழியில் (அதாவது போகாமல் விட்ட நாட்களில்) கார்ட் ஓட்டப் பழகினேன். கார்ட் என்பது தரையை உரசிக்கொண்டு ஓடும் குட்டிப் பந்தய வண்டி. இரண்டு மூன்று கப் கிடைத்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ரசிகர்களுக்குப் போடுவதற்கான கையெழுத்தைப் பழக ஆரம்பித்தேன். ரசிகர்கள் என்று அப்போது இருந்தது அம்மா மட்டும்தான், அவளும் என்னை எதிலும் கையெழுத்துப் போட விடமாட்டாள்.

கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருந்த ரியாஸ் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்) என் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அவரிடம் உண்மையான பந்தயக் கார் ஒன்று இருந்தது. ஒரே ஒரு இருக்கை, நான்கு சக்கரமும் மூடியில்லாமல் வெளியே நிற்கும். பெரிய பந்தயங்களுக்குப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கார்ட், பிறகு இந்த மாதிரிச் சின்னக் கார், பிறகு இதைவிடப் பெரியது என்று படிப்படியாகத்தான் ஏறுவார்கள். நான் இரண்டாவது படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மிச்சப் படிகளையும் மனத்துக்குள் ஏறி முடித்திருந்தேன்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியம்மாவுக்குக் காரின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"மட்கார்ட் எங்கயடா?"

"இதுக்கு மட்கார்ட் இல்லை பெரியம்மா."

"ஒரே ஒரு சீட்தானோ? அப்ப கொம்மாவை எங்க இருத்துறது?"

அந்த நேரத்தில்தான் அதிர்ஷ்டம் வந்தது. சென்னையிலுள்ள ஒரு அணி, இளையோர் பந்தயத் தொடர் ஒன்றுக்கு இலங்கையிலிருந்து ஓர் ஓட்டுநரை எடுக்கப்போவதாக நானாவுக்கு அறிவித்தது. நானாவிடம் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்: நானும், நுகேகொடையிலிருந்து வரும் செனுரியும். செனுரிக்குப் பதினெட்டு வயது. மழையில் என்னைவிட வேகம், கதையில் என்னைவிட மெதுவு. சென்னையிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, இருவரில் ஒருவரைத் தெரிவு செய்வார். இது தவறினால் அடுத்த வருடம் பல்கலைக்கழகம் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே இது என் உயிர்ப் பிரச்சினை.

பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்று நானா சொன்னார். இரண்டு மாதம் நான் சோற்றைத் தொடவில்லை. வெள்ளரிக்காய், அவித்த முட்டை, மறுபடி வெள்ளரிக்காய். அம்மா தட்டோடு பின்னால் திரிந்து பார்த்தாள். பிறகு, "பிள்ளை சாப்பிடாமல் எனக்கு எப்பிடி இறங்கும்?" என்று தானும் அரை வயிறாகிவிட்டாள். இருவருமாக மெலிந்தோம். ஒழுங்கை முனைக் கடைக்காரர் எங்களுக்கு ஏதாவது நோய் வருத்தமோ என்று ஆள் வைத்து விசாரித்தார்.

அப்படி நான் ஈர்க்குச்சியாக இருந்த ஒரு நாளில் நானா எனக்கு இருக்கை செய்தார். பந்தயக் காரின் இருக்கை கடையில் வாங்குவதல்ல. ஆளைக் காருக்குள் இருத்தி, முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பொலித்தீன் பையை வைத்து, அதற்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவார்கள். அது நுரைத்துப் பொங்கி, உடம்பைச் சுற்றி இறுகிக் கல்லாகிவிடும். இருபது நிமிடம் ஆடாமல் அசையாமல் இருந்தேன். என் முதுகிலுள்ள எலும்புகள் ஒவ்வொன்றும் அதில் பதிந்தன. தேவையான போது காரிலிருந்து அப்படியே வெளியே தூக்கலாம். செனுரிக்கும் அவளுடைய அளவில் ஒன்று செய்தார்.

"இது ஒங்கட ஒடம்புக்கு மட்டும்தான் தம்பி. ஒரு சுத்து கூடினாலும் ஏறாது, செல்லிட்டன்" என்றார் நானா.

தெரிவுக்கு மூன்று கிழமை இருந்தது. என்ஜினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டதால் காரில் ஏறிப் பழக வழியில்லை. நான் வீட்டில் சும்மா இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா தொலைபேசியைக் கையில் எடுத்தாள். மத்தியானத்துக்குள், தம்பி கார் ஓட வெளிநாடு போகிறான் என்ற செய்தி கொட்டாஞ்சேனையில் புறப்பட்டு, வத்தளையைத் தொட்டு, வெள்ளவத்தைக்கு வந்து, என் வீட்டுக் கதவைத் தட்டியது.

"இன்னும் எடுபடேல்லை பெரியம்மா. தெரிவுதான் நடக்கப்போகுது."

"அதெல்லாம் எடுபடுவாய். ஞாயிற்றுக்கிழமை இஞ்ச வந்து சாப்பிடு."

எங்கள் ஆட்களில் ஒருவன் வெளிநாடு போகிறான் என்றால் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். அவன் போய்ச் சாப்பிட வேண்டும். இதில் விதிவிலக்குக் கிடையாது. எங்கள் மாமா ஒருவர் கனடா போகும் அவசரத்தில் ஒரு வீட்டை விட்டுவிட்டார். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் அவருடன் கதைப்பதில்லை.

பெரியம்மா வீட்டில் புட்டும் நண்டுக் குழம்பும். நான் இரண்டு கரண்டியோடு நிறுத்தப் பார்த்தேன். இரண்டு மாதம் வெள்ளரிக்காய் தின்ற நாக்கு அந்தக் குழம்பைத் தொட்டதும் என்னைக் கைவிட்டுவிட்டது. நான்கு நாள் கழித்துச் சித்தப்பா வீட்டில் ஆட்டிறைச்சியும் இடியப்பமும். அங்கே நான் தயங்கியபோது சித்தி கேட்ட கேள்விதான் என்னை முடித்தது.

"அங்க மட்டும் வடிவாச் சாப்பிட்டனியாம். இஞ்ச என்ன, எங்கட கை கசக்குதோ?"

அதன் பிறகு எல்லா வீட்டிலும் இதே கேள்வி. ஒரு வீட்டில் ஒடியல் கூழ். ஒரு வீட்டில் கோழிப் பிரியாணி. இன்னொரு வீட்டில் நான் மரக்கறி மட்டும்தான் என்று பொய் சொல்லிப் பார்த்தேன், பதினாறு கறி வைத்தார்கள். பதினோராவது வீடு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் ரியாஸ் நானாவுடையது. அவருடைய மனைவி தேங்காய்ப்பாலும் முட்டையும் கலந்து இனிப்பு வட்டிலப்பம் அவித்திருந்தார். "இன்னொரு துண்டு வெச்சிக்கங்க தம்பி" என்று தன் கையாலேயே எடுத்து வைத்தவர் நானா. (இதை இன்றுவரை அவர் ஒத்துக்கொள்வதில்லை!)

பந்தய உடுப்பின் ஸிப் மேலே வர மறுத்தது. கொழும்புத் தண்ணீரில் தோய்த்தால் துணி சுருங்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

தெரிவு நாள் வந்தது. ஊருக்கு வெளியேயுள்ள பந்தயத் திடலுக்கு ஒரு வேனில் அம்மா, பெரியம்மா மற்றும் ஒன்பது பேர், கூடவே மூன்று அடுக்குச் சாப்பாட்டுக் கரியர். பயத்தில் நான் காலையிலேயே ஏழு இடியப்பம் சாப்பிட்டிருந்தேன்.

சென்னையிலிருந்து வந்தவரின் பெயர் முரளி. ஒல்லியான, மரியாதையான மனிதர், கழுத்தில் செக்கன் கணக்கெடுக்கும் கடிகாரம் தொங்கியது. முதலில் ஒரு சின்னச் சோதனை என்றார். பெல்ட் எல்லாம் பூட்டிக் காருக்குள் இருக்கும் ஓட்டுநர், யாருடைய உதவியும் இல்லாமல் ஏழு செக்கனுக்குள் வெளியே வந்து நிற்க வேண்டும். தீப்பிடித்தால் உயிர் தப்ப வேண்டுமே. அதில் தேறாதவனைக் காரை ஓட விடமாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கராஜில் நான் ஐந்தில் வந்தவன்.

காலை உள்ளே விட்டேன், இறங்கியது. இடுப்பை விட்டேன், பாதியில் நின்றது. நானா ஒரு தோளிலும் அவருடைய மெக்கானிக் மறு தோளிலும் கையை வைத்து, மூடாத சூட்கேஸை அமத்துவதுபோல் அமத்தினார்கள். 'பொக்' என்று ஒரு சத்தத்துடன் உள்ளே போய்விட்டேன்.

"எனத்தியன் தம்பி இது? மூணு கெழமைல எனத்தையன் திண்டீங்க?" நானா என் காதுக்குள் பல்லைக் கடித்தார்.

"வட்டிலப்பம் நானா" என்றேன், இருந்த கொஞ்ச மூச்சில்.

முரளி சார் கடிகாரத்தை அமத்தினார். பெல்ட்டைக் கழற்றினேன். ஸ்டியரிங்கைக் கழற்றினேன். இரண்டு கையையும் ஊன்றி எழும்பினேன். அதாவது, கை எழும்பியது. மற்றது எதுவும் வரவில்லை.

"ஒண்டு! ரெண்டு! மூண்டு!" என்று என் குடும்பம் கை தட்டிக்கொண்டு எண்ணியது. ஏழு வந்தபோது இன்னும் பலமாகத் தட்டினார்கள். இருபதில் கைதட்டல் குறைந்தது. நாற்பதில் நின்றுவிட்டது.

செனுரி ஓடி வந்தாள். "அய்யே, ஹுஸ்ம பிட கரன்ன!" மூச்சை வெளியே விடச் சொன்னாள். விட்டேன். இன்னும் ஓர் அங்குலம் கீழே இறங்கினேன்.

அப்போதுதான் பெரியம்மா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாள். கையில் கரியரின் மேல் தட்டு.

"பிள்ளைக்குச் சத்தில்லை, அதுதான் எழும்பேலாமல் கிடக்கு. ஆ காட்டு ராசா."

மறுக்க வாயைத் திறந்தேன். வடை உள்ளே போய்விட்டது.

"அம்மா, ப்ளீஸ்! அவருக்கு எதுவும் குடுக்காதீங்க. டைம் ஓடிட்டிருக்கு!" என்று முரளி சார் கெஞ்சினார்.

"நீங்களும் ஒண்டு எடுங்கோ தம்பி. மெலிஞ்சு போய் நிக்கிறியள்."

அவர் எடுத்தார். எடுக்காமல் பெரியம்மாவிடமிருந்து யாரும் தப்பியதில்லை.

கடைசியில் நானா ஒரு முடிவுக்கு வந்தார். நான்கு பேர் சேர்ந்து என்னை இருக்கையோடு சேர்த்தே தூக்கினார்கள். காரிலிருந்து வந்தேன், இருக்கையிலிருந்து வரவில்லை. முதுகில் ஓட்டுடன், முழங்கால் மடிந்தபடி, ஆமை மாதிரித் திடலில் நின்றேன். சித்தி படம் எடுத்தாள். சித்தப்பா காணொளி எடுத்தார். நான் வேனுக்குப் பக்கத்தில் போவதற்கு முன்பே அது கனடா போய்விட்டது. முரளி சார் கடிகாரத்தை என்னிடம் காட்டினார். பதினொரு நிமிடம். வீட்டுக்கு ஒரு நிமிடம் என்று கணக்குச் சரியாக வந்தது.

செனுரி ஏறினாள். ஐந்து செக்கனில் இறங்கினாள். பிறகு காரை ஓட்டினாள், அழகாகவும் ஓட்டினாள். அவளே சென்னைக்குப் போனாள்.

திரும்பி வரும்போது வேனில் நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதற்குள்ளேயே அழுதேன். நானே செய்துகொண்ட வேலை என்பதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. ஒரு வீட்டில், ஒரே ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்கலைக்கழகம் ஒரு வருஷம் பொறுக்கும்" என்றாள். "அடுத்த முறை ஒருத்தரும் உனக்குச் சாப்பாடு போட மாட்டினம். அதை நான் பார்க்கிறன்."

பார்த்தாள். அடுத்த தெரிவுக்கு முன், எனக்கு வயிற்றில் புண், டொக்டர் கஞ்சி மட்டும்தான் குடிக்கச் சொன்னவர் என்று பொய்யே பேசாத என் அம்மா பதினொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்துப் பொய் சொன்னாள். பெரியம்மா நேர்ந்து விரதம்கூடப் பிடித்தாள். அந்த முறை புது இருக்கையிலிருந்து ஆறு செக்கனில் வெளியே வந்தேன். சென்னைக்குப் போனேன், அங்கிருந்து அடுத்த படிக்கும் ஏறினேன். இப்போது இதைவிடப் பெரிய கார் ஓட்டுகிறேன். அதற்கும் மட்கார்ட் இல்லை என்பது பெரியம்மாவின் மனக்குறை.

ஆனால் குடும்பத்தில் நான் எந்தப் பந்தியிலிருந்து எழும்பினாலும் யாராவது "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்குவார்கள். என் கல்யாணத்தில் வாழையிலைக்கு முன்னால் இருந்து எழும்பியபோது மண்டபமே எண்ணியது. ஐயரும் சேர்ந்துகொண்டார்.

அந்தப் பழைய இருக்கையை நானா எனக்கே தந்துவிட்டார். அது இப்போது வெள்ளவத்தை வீட்டு ஹோலில் ரீவிக்கு முன்னால் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை இருந்து பார்ப்பார்கள், ஒருவருக்கும் பொருந்தாது. சித்தப்பாவை வெளியே எடுக்க ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டி வந்தது.

அம்மாவுக்கு மட்டும் அது அச்சொட்டாகப் பொருந்துகிறது. நான் வெள்ளரிக்காய் தின்ற நாட்களில் என்னோடு சேர்ந்து மெலிந்தவள், பிறகு நான் ஊதியதுபோல் ஊதவே இல்லை. பதினொரு வீட்டிலும் அடுப்படியில் நின்று பரிமாற உதவிக்கொண்டிருந்தவள், தான் வடிவாகச் சாப்பிடவே இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. என் பந்தயங்களை அதில் சாய்ந்துகொண்டுதான் பார்க்கிறாளாம். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் எழும்பிப் போவாளாம். பெரியம்மா ஒருநாள் நேரம் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

நாலு செக்கன்.