ரிஜெக்ட் மாஸ்டர் மாடியேறிய கதை

உலகத்தில் ரிஜெக்ட் மாஸ்டர் ‘சரி’ என்று சொன்ன பொருள் ஒன்றுகூடக் கிடையாது. பிரம்மா தன் படைப்பையெல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டி எங்கள் ராயபுரத்துக்கு அனுப்பியிருந்தால், “யானைக்கு மூக்கு அளவு தப்புங்க. ஒட்டகத்துக்கு முதுகுல தையல் இழுத்திருக்குது. மொத்த லாட்டும் திரும்பிப் போவட்டும்” என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷன் அவருக்கு. தைத்து வரும் பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஓட்டை, கறை, கோணல் இருந்தால் ஒதுக்கிப் போடுவதுதான் வேலை. அந்த வேலை எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அவருக்கு முடியாது. ஓட்டலில் தோசை வந்தால் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். பங்காளி வீட்டில் குழந்தை பிறந்ததென்று பார்க்கப் போனவர், “காது ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. போவட்டும், தொப்பி போட்டாத் தெரியாது” என்று சொல்லிவிட்டு வந்தார். ரேஷன் கார்டில் அவர் பெயர் என்னவோ, எங்களுக்கு ரிஜெக்ட் மாஸ்டர்தான்.

ஒன்றுகூடக் கிடையாது என்றேனே, அது தப்பு. பீடி ஒன்று உண்டு. அதை மட்டும் அவர் ஒரு நாளும் ஒதுக்கியதில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஷிப்மென்ட் ஷிப்மென்ட் என்று ஊரே பறந்துகொண்டிருந்தபோது, மாஸ்டருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். மாஸ்டர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்றதில்லீங்க” என்றார்.

“உங்களுதுதாங்க. நுரையீரல் ஊதிப் போச்சு. உள்ள போன காத்து வெளிய வர மாட்டேங்குது.”

“இத்தன வருசம் துணி பாத்தவனுங்க நானு. இத்தன டேமேஜ் இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?”

டாக்டர் மேல் வந்த கோபத்தில் பீடியை விட்டார். டாக்டர் சொன்னதற்காக விடவில்லை என்பதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் விட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு எங்கள் தெருக்காரர்கள்தான் பொறுப்பு, நான் உள்பட. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. ஒரு மனிதர் மூச்சு வாங்க வந்து நின்றால், “ஏனுங்க, நிக்கறீங்க? உக்காருங்க சாமி” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போடாதவன் மனிதனே இல்லை. மாஸ்டர் கம்பெனிக்குப் போவதை நிறுத்தினார். “நல்லதுங்க, ஓய்வா இருங்க” என்றோம். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். “முருகன் உங்க ஊட்டுக்கே வருவாருங்க” என்றோம். முக்காலியில் உட்கார்ந்து குளிக்க ஆரம்பித்தார். அதற்கும் தலையாட்டினோம். ஒவ்வொன்றாக நின்றுபோக, அவர் கால் இரண்டும் லுங்கிக்குள் மூங்கில் குச்சி மாதிரி ஆகிவிட்டன.

என் பட்டன், லேபிள் கடைக்கு நேர் மேலே மாடியில்தான் அவர் வீடு. ஒரு மழை நாளில் மூச்சுத் திணறல் அதிகமாகி, நாங்கள் நாலு பேர் அவரைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, படி வழியாகத் தூக்கி இறக்கினோம். எதிர்வீட்டம்மா ஒருவர், என்ன நினைத்தாரோ, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மாஸ்டர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! திட்டவேண்டும், ஆனால் மூச்சில்லை. திட்ட வேண்டிய நேரத்தில் திட்ட முடியாமல் போனதுதான் அந்த மனிதருக்கு வாழ்க்கையில் நேர்ந்த மிகப் பெரிய அவமானம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக அதைத் திட்டித் தீர்த்தார். “என்னைய உற்சவ மூர்த்தியாட்டம் தூக்கிட்டுப் போனீங்களாடா! குடை ஒண்ணுதான் கொறச்சல்! இனி எவனாச்சும் தொட்டீங்க, நடக்கறதே வேற. நானே ஏறிக்குவேன்.”

ஏறினார். பாதிப் படிகூடப் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தபடியே இறங்கி வந்தார். அன்றிலிருந்து என் கடையின் பின்னறையில், ஜிப் மூட்டைகளுக்கு நடுவே கட்டில் போட்டாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எடுத்த லேபிளை எல்லாம் அவர் கட்டிலிலிருந்தே கேட்டு வாங்கிப் பார்த்து, “எழுத்து தேஞ்சிருக்குது, வாங்காதீங்க” என்று திருப்பி அனுப்பினார். வியாபாரம் அமோகம்.

குன்னத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து சேர்ந்தாள். “அப்பா, இப்படிக் கடைக்குள்ள கெடந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? எங்க ஊட்டுல படியே கெடையாதுங்க. கட்டில் போட்டுத் தர்றேன். அசையாமப் படுத்துக்குங்க, சோறு கட்டிலுக்கே வந்துரும்.”

அன்பில் குறையே இல்லை. ஆனால் ‘அசையாம’ என்ற சொல்லைக் கேட்டதும் மாஸ்டரின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். “பூசத்துக்குள்ள நானே மாடியேறுலீன்னா உன்ற ஊட்டுக்கு வந்து படுத்துக்கறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத” என்றார். பொங்கல் கழிந்து வரும் தைப்பூசம் வரை தவணை.

ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கென்று அவரை அனுப்பிவைத்த இடத்தில் ஸ்டெல்லா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். தூத்துக்குடிப் பக்கம். அண்ணன்கள் இங்கே பனியன் கம்பெனியில் டெய்லர்கள். மாஸ்டருக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

“நீங்க நடக்கணும் அண்ணாச்சி” என்றார் ஸ்டெல்லா.

“அண்ணாச்சியா? நானென்ன மளிகக் கடையா வெச்சிருக்கறேன்?”

“சரி மாஸ்டர். நடக்கணும்.”

“ஏனம்மிணி, நடந்தா மூச்சு வாங்குதுன்னுதான் இங்க வந்ததே. பல்லு வலின்னு வந்தவனக் கரும்பு கடிக்கச் சொல்லுவியா நீ?”

ஸ்டெல்லாவுக்கும் கோபம் வந்தது. அந்த அறையில் அன்று கோபம் வராத ஒரே ஜீவன் நான்தான். “உங்க நுரையீரல என்னால புதுசாக்க முடியாது மாஸ்டர். போனது போனதுதான். ஆனா உங்க தொடையப் பாருங்க. வேல செஞ்சு பழகின காலு கொஞ்சக் காத்துல நடந்துரும். சும்மா கெடந்த காலு ஒரு அடி வைக்கவே ஊருக் காத்தயெல்லாம் கேக்கும். இருக்குத காத்த வச்சு நடக்கக் காலப் பழக்கணும். குந்தித் தின்னா குன்றும் மாளும்பாங்க. குந்தியே கெடந்தா தொடையும் மாளும், கேட்டியளா?”

மாஸ்டர் லுங்கியை விலக்கித் தன் தொடையைப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். “அளவு கொறஞ்சுதான் போச்சு” என்றார் மெதுவாக.

பயிற்சி தொடங்கியது. மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, மெல்ல ஊத வேண்டும். அடி எடுத்து வைக்கும்போது ஊத வேண்டும். விரலில், துணிக்கு மாட்டும் கிளிப்பைப் போல ஒரு கருவியை மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே நடக்கவிட்டார். கைக்கு இரண்டு நூல் கோன்களைக் கொடுத்துத் தூக்கி இறக்கச் சொன்னார். மாஸ்டர் தூக்கினார், இறக்கினார், “இதுல நூலு தடிச்சும் மெலிஞ்சும் இருக்குது. எவன்ட்ட வாங்குனீங்க?” என்றார். நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழச் சொன்னபோதுதான் பொறுக்க முடியவில்லை. “உக்காருங்கறா, எந்திரிங்கறா, உக்காருங்கறா! பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட என்னைய இப்படிப் பண்ணுலீங்க!”

வீட்டிலும் தினம் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மாஸ்டர் ராயபுரம் தெருவில் இறங்கினார்.

நடந்தாரா? நடக்கவிட்டோமா? என் கடையைத் தாண்டியதும் அயர்ன் கடைக்காரர் ஸ்டூல் போட்டார். “வாங்க மாஸ்டர், சித்த உக்காருங்க.” அடுத்து மாவு மில். “அட, மூச்சு வாங்குதுங்களே! உக்காருங்க, டீ சொல்றேன்.” அடுத்து ஜெராக்ஸ் கடை. ‘வேண்டாங்க’ என்று ஒருவர் சொன்னால், ‘இன்னொருக்கா கேளுங்க’ என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். மாஸ்டர் மறுத்துப் பேசினால் மூச்சு போகிறது. மூச்சு போனால் உட்கார வேண்டியிருக்கிறது. சாயங்காலம் திரும்பியபோது அவர் நடந்தது கடுகளவு, குடித்தது ஒரு கொப்பரை டீ.

உருட்டிப் போகிற எதையாவது முன்னால் சாய்ந்து பிடித்துக்கொண்டு நடந்தால் மூச்சு சுலபமாக இருக்கும் என்று ஸ்டெல்லா யோசனை சொன்னார். என் பழைய சைக்கிளைக் கொடுத்தேன். அது அடுத்த கூத்து.

“பஞ்சருங்களா மாஸ்டர்?”

ஊதிக்கொண்டு போகிறவர் எப்படிப் பதில் சொல்வது? இல்லை என்று தலையை ஆட்டினார்.

“கூச்சப்படாதீங்க, குடுங்க!” மாவு மில்காரர் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே விட்டார். பிடிமானம் போன மாஸ்டர் நடுத்தெருவில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். வரும் வழியெல்லாம், “பஞ்சரில்லாத வண்டிக்குப் பஞ்சர் ஒட்டற ஊரு! அட கெரகத்த!” என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. குன்னத்தூரில் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கியாகிவிட்டதாகச் செய்தியும் வந்திருந்தது.

நான்தான் ஸ்டெல்லாவிடம் போய்ச் சொன்னேன். மறுநாளே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இறங்கிய வேகத்தில் அயர்ன் கடை ஸ்டூலைத் தூக்கி உள்ளே வைத்தார். தெருவில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டார்.

“உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? ஒரு மனுசன் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நடக்காரு. நீங்க எல்லாரும் சேந்து அவர மரியாதையாலயே கொல்லுதீங்க! இன்னைலருந்து ஒருத்தரும் அவர இருங்க, உக்காருங்கன்னு சொல்லக் கூடாது.”

மாவு மில்காரர் அழாத குறை. “அதெப்படிங்க அம்மிணி? ஊட்டு வாசல்ல வந்து நிக்கறவரப் பாத்து உக்காருங்கன்னு சொல்லாம இருந்தா, நாளைக்கு அவர் மொகத்துல எப்படிங்க முழிக்கறது?”

ஸ்டெல்லா படித்த மருத்துவத்தில் இதற்குப் பாடம் வைக்கவில்லை போலிருக்கிறது.

அப்போதுதான், அதுவரை வாய் திறந்து நான் பார்த்திராத மாஸ்டர் வீட்டம்மா படியில் இருந்தபடியே சொன்னார்: “ஒறம்பரை, விருந்தாளி வந்து கெளம்புனா தெருமுக்கு வரைக்கும் கூடப் போய் அனுப்பிட்டு வர்றமில்லீங்க? உக்கார வெக்கறது ஒரு மரியாதைன்னா, அனுப்பி வெக்கறதும் மரியாதைதானுங்களே. அதப் பண்ணுங்க.”

அவ்வளவுதான். தெருவுக்கு வழி பிறந்துவிட்டது. மறுநாள் காலை மாஸ்டர் சைக்கிளோடு இறங்கியதும், நான் அயர்ன் கடை வரை வழியனுப்பினேன். அயர்ன் கடைக்காரர் மாவு மில் வரை. மாவு மில்காரர், முந்தைய பாவத்துக்குப் பரிகாரமாக, கோயில் வளைவு வரை. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியை அனுப்புவதுபோல ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினோம்.

அவர் அதிகம் திணறுகிறாரா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்டெல்லா அதற்கும் ஒரு அளவு சொன்னார். “நடக்கும்போது உங்கள ரெண்டு வார்த்த திட்டுதாரா, வேகம் சரி. வாயே தொறக்கலையா, நிக்க வையுங்க. நிறுத்தாமத் திட்டுதாரா, இன்னும் கொஞ்சம் நடக்க விடுங்க.”

இதைவிடப் பொருத்தமான அளவுகோலை எங்கள் மாஸ்டருக்கு யார் கண்டுபிடித்திருக்க முடியும்? முதலில் “ஏண்டா… வெண்ண” என்பதோடு நின்றது. போகப் போக வாக்கியம் நீண்டது. பொங்கல் சமயத்தில் அயர்ன் கடைக்காரர் என்னிடம் ஓடிவந்து, “இன்னிக்கு எங்கப்பனையும் சேத்துத் திட்டுனாருங்க!” என்று பூரித்துப்போனார்.

தைப்பூசத்தன்று காலையில் குன்னத்தூரிலிருந்து கார் வந்தது. மகள் அவர் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்தேவிட்டாள். தெருவே படிக்குக் கீழே நின்றது. ஸ்டெல்லாவும் வந்திருந்தார். மாஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்தார். ஊதினார், ஒரு படி. நின்றார், இழுத்தார். ஊதினார், ஒரு படி. பின்னால் அவர் வீட்டம்மா.

படி திரும்புகிற இடத்தில் ஒரு நாற்காலி! எந்த மகராசன் கொண்டுபோய் வைத்தானோ, பழக்கம் விடவில்லை. மாஸ்டர் அதைப் பார்த்தார். கை நாற்காலி முதுகின் பக்கம் போனது. எங்களுக்கெல்லாம் மூச்சு நின்றுவிட்டது.

அவர் வீட்டம்மா அவரைத் தாண்டிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். “எனக்குக் கால் வலிக்குதுங்க. நீங்க போங்க” என்றார்.

மாஸ்டர் முறைத்தார். ஊதினார். போனார்.

மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, வெகு நேரம் ஊதிக்கொண்டு நின்றார். மகள் கீழிருந்து, “அப்பா, என்னுங்க பண்ணுது?” என்றாள். கையைத் தூக்கி ‘இரு’ என்றார். பிறகு வந்தது: “பூசமுமா அதுவுமா… கோயலுக்குப் போவாம… என்ற ஊட்டுப் படியில என்னடா கூட்டம்? வேலையில்லாத… நாயிகளா!”

“தேறிட்டாரு” என்றார் ஸ்டெல்லா. மகள் பையைப் பிரித்துத் துணியை வெளியே எடுத்தாள், அழுதுகொண்டே.

அடுத்த முறை எடுத்த எக்ஸ்ரேயிலும் நுரையீரல் அப்படியேதான் இருந்ததாம். டாக்டர் சொன்னார். கால்தான் மாறியது. அது மறுபடி மெலிந்துவிடாமல் இருக்க, மழைக் காலத்தில் வெளியே போக முடியாத நாட்களில் மாஸ்டர் மாடிக்குள்ளேயே நடப்பார். அது மரத்தளம் போட்ட பழைய மச்சு வீடு. அவர் மேலே நடக்க நடக்க, கீழே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என் தலையில் சுண்ணாம்புப் பொடி உதிரும். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமே என்று வருகிறவர்கள் சொல்வார்கள். தலையைத் தட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். உதிரட்டும்.