நாலு வருஷமாக எரியும் குப்பைத் தொட்டி

எல்க் ஹாலோ,
நவம்பர் முதல் வாரம்.

மில்வாக்கி நகரத்தில் வாசம் செய்யும், என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மார்லிஸ் அக்காவுக்குத் தம்பி ஆர்னி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் பெண்டாட்டி பெவ்வும் நலம். அங்கே நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. உன் முட்டிவலி எப்படி? அந்த ஒற்றைக்கண் பூனை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. எப்போது இறங்கினாலும் முதலில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு இறங்கு.

நான் போன் போட்டால் நீ எடுப்பதில்லை. பெவ் போட்டால் எடுக்கிறாய், பின்னால் என் இருமல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முப்பத்தொரு வருஷம் பால் லாரி ஓட்டியவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும், பேனா பிடிக்கத் தெரியாது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். பேச்சு எங்கேயாவது சந்துக்குள் போய்விட்டாலும் பொறுத்துக்கொள். பால் லாரிக்காரன் ஒவ்வொரு பண்ணைக்குள்ளேயும் போய்த் திரும்பித்தான் ஆகணும், பெரிய ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால் வண்டியில் பால் ஏறாது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு நீ வருவதாகச் சொல்லியிருந்தாய். டூவேன் அத்தான் இறந்துபோன பிறகு நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பெவ் வான்கோழிக்குச் சொல்லிவைத்து, உனக்கு மாடி அறை வேண்டாம் என்று கீழே கட்டிலை இறக்கிப் போட்டுவிட்டாள். அப்புறம் நீ பார்க்கிற டிவி சேனலில் என்னைப் பார்த்துவிட்டு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். அக்கா, நீ பார்த்தது நானில்லை. நான்தான், ஆனாலும் நானில்லை. எப்படி என்று சொல்கிறேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் டாக்டர் எனக்கு வலது பக்கம் ரெண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். அவர் ஊசி போடும்போது மீன் பிடிக்கிற கதை சொல்வார், கதை நீண்டால் மருந்தும் கூடிப்போகும். அன்றைக்கு அவர் பிடித்த மீன் பெரிய மீன் போலிருக்கிறது, எனக்குக் கன்னம், உதடு எல்லாம் மரத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சூப்பாவது குடிக்கலாம் என்று அப்படியே டார்லீன் கடைக்குப் போனேன். வழக்கமாக நான் உட்காருகிற இடத்தில் கேமரா உட்கார்ந்திருக்கிறது. உன் சேனல்காரர்கள். தேர்தல் வந்தால்தான் டிவிக்காரர்களுக்கு எங்கள் மாதிரி ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஞாபகத்துக்கு வரும். ரெண்டு முட்டை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல், பக்கத்தில் முட்டை தின்கிறவனிடம் நாடு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள்.

நல்ல பெண்தான். மைக்கை நீட்டிக்கொண்டு, "ஐயா, இந்தத் தேர்தல் நேரத்துல உங்களுக்கு எது பயமா இருக்கு?" என்று கேட்டாள்.

டார்லீன் காப்பிக் கூஜாவோடு அந்தப் பக்கம் வந்தவள், "ஏம்மா, போயும் போயும் இவர்கிட்டயா கேட்ட? கேமராவுல பேட்டரி நிறைய இருக்கா?" என்றாள்.

எனக்கு எது பயம் என்று இதுவரை யாரும் உட்காரவைத்துக் கேட்டதில்லை அக்கா. டிவி எனக்கு எது பயம் என்று சொல்லும், நான் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். அதனால் நாற்பது நிமிஷம் பேசினேன். மலையிறக்கத்தில் பிரேக் போன கதை சொன்னேன், பெவ்வின் ரத்தக்கொதிப்பைச் சொன்னேன், கடைசியில் கரடிக்கு வந்தேன். என் ஆப்பிள் மரத்தை மொட்டையடிக்கிற அந்தக் கரடிதான். "கரடி ஒண்ணு வருதும்மா"ன்னு ஆரம்பித்தேன். "தினம் சாயங்காலம் துப்பாக்கியோட வாசல்ல உக்காந்திருக்கேன். போன தடவை விட்டுட்டேன், இந்தத் தடவை என் நிலத்துல கால் வெச்சா விடமாட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "துப்பாக்கியில குண்டு கிடையாது, பெவ் பாத்திர மூடியைத் தட்டுவா, அதுக்கே கரடி ஓடிரும், ஓடலைன்னா நான் ஓடிருவேன்" என்றும் சொன்னேன். கடை முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

ரெண்டு நாள் கழித்துப் போட்டார்கள். பதினோரு நொடி. பெவ் அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். முன்னால் இருந்த கரடியைக் காணோம், பின்னால் இருந்த பாத்திர மூடியைக் காணோம். நடுவில் துப்பாக்கியோடு நான் மட்டும், கோணல் வாயோடு. கீழே பட்டையில் 'கொதிக்கும் கிராமம்' என்று எழுதியிருந்தது. வட்ட மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து என் உதட்டைப் பற்றிப் பேசினார்கள். நகரத்து மக்கள்மேல் எத்தனை வருஷத்து வெறுப்பு இருந்தால் ஒரு மனிதரின் வாய் இப்படிக் கோணும் என்று அதில் ஒரு அம்மா கேட்டார். அம்மா, அது மதியம் ரெண்டு மணிக்குச் சரியாகிவிட்டது என்று டிவியைப் பார்த்துச் சொன்னேன். டிவிக்கு எங்கே கேட்கிறது?

சரி, உன் சேனல் அப்படித்தான், என் சேனல் உண்மையைச் சொல்லும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் என் சேனல் அதே பதினோரு நொடியைப் போட்டது. பெவ் முகத்தைவிட நான் அதிகமாகப் பார்த்த முகம் ஒன்று அதில் உண்டு, நீலக் கழுத்துப்பட்டை கட்டியவர், அவர் கண் கலங்கி, "தன் வீட்டைக் காக்கும் இந்த வீர விவசாயி" என்றார். நான் ஒரு முள்ளங்கி வளர்த்ததில்லை அக்கா. பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கரடியைப் பற்றிக் கேட்க இப்போது போன் வரும் என்று மூன்று நாள் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வரவில்லை.

போனுக்குப் பதிலாக ரெண்டு பேர் வந்தார்கள். வேற மாநிலம், ஆறு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறார்கள். வண்டியிலிருந்து ரெண்டு மடக்கு நாற்காலியையும் ரெண்டு துப்பாக்கியையும் இறக்கி, என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் துப்பாக்கியில் குண்டு இருந்தது.

பெரியவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, நாங்க உங்க பக்கம். எந்த வழியா வருவாங்க?" என்று கேட்டான்.

"ஆப்பிள் மரத்துப் பக்கமா."

"எத்தனை பேரு?"

"இந்த வருஷம் ஒண்ணுதான். போன வருஷம் குட்டியோட வந்துச்சு."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "குட்டியோடயா?"

"ஆமா, மரத்துல ஏறி உலுக்கித் தின்னுட்டுப் போச்சுங்க."

"அண்ணே, நீங்க சொல்றது கரடியா?"

"பின்ன யாருன்னு நினைச்சீங்க?"

பெரியவனுக்கு முகம் தொங்கிப்போச்சு. "டிவியில அப்படிச் சொல்லலையேண்ணே" என்றான். நான்தான் பொய் சொல்லி அவனை ஏமாற்றிய மாதிரி பார்த்தான். பெவ் ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பலகாரம் வெட்டிக் கொடுத்தாள். போகும்போது, "வேற யாராவது வந்தா போன் போடுங்கண்ணே" என்று எண் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த மடக்கு நாற்காலியின் கால் தடம் இன்னும் வாசல் மண்ணில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன். டிவியில் கேட்டுப் பயந்தது ஒரு பயம் அக்கா, அது எழுந்து வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது வேற பயம். ஒருவேளை நீ முன்கூட்டியே சொல்லாமல் அன்றைக்கு வந்திருந்தால்? அதை நினைத்துக்கொண்டு எழுதியதால்தான் இந்த வரி கோணலாக இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உன் போன் வந்தது. நீ பேசியது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு ஒரு எழுத்து விடாமல் காதில் இருக்கிறது.

"டேய் ஆர்னி, நான் உன் நிலத்துல கால் வெச்சா சுட்டுருவியாமே?" என்றாய்.

"ஐயோ அக்கா, அது கரடிக்குச் சொன்னது!"

"டிவியில கரடி எங்கடா வந்துச்சு?"

"வெட்டிட்டாங்கக்கா. முன்னாடியும் வெட்டிட்டாங்க, பின்னாடியும் வெட்டிட்டாங்க."

"உன் வாயாலதானே சொன்ன? மூஞ்சியைப் பார்த்தேனே. அப்பா பெல்ட்டைக் கழட்டும்போதுகூட அவர் மூஞ்சி அப்படி இருந்ததில்ல."

"அது பல்லுக்கா, சத்தியமா பல்லு. கூடப் பொறந்தவன் நானே சொல்றேன், என்னை நம்பாம டிவியை நம்புறியே!"

உன் பக்கம் பூனை கத்துவது எனக்குக் கேட்டது. அப்புறம் மெதுவாக, "மழை பெய்யுதுன்னு நானும்தான் சொன்னேன், ஆர்னி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

அத்தானை அடக்கம் பண்ணின நாளைத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நான் எதற்கு வரவில்லை என்று பெவ்விடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை, இப்போது உனக்கு எழுதுகிறேன். கறுப்புக் கோட்டு போட்டாச்சு. பெவ் வண்டியில் ஏறி, மடியில் துண்டு விரித்து, சாவு வீட்டுக்காக உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட சட்டியை வைத்துக்கொண்டாச்சு. இன்ஜின் ஓடுகிறது. கையுறையை மறந்துவிட்டேன் என்று உள்ளே வந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. உன் ஊர். தெருவோரம் ஒரு பெரிய குப்பைத் தொட்டி தீப்பிடித்து எரிகிறது, பச்சைச் சட்டைக்காரன் ஒருத்தன் சைக்கிளில் அதைத் தாண்டிப் போகிறான், 'நகரம் எரிகிறது' என்று கீழே ஓடுகிறது. எனக்குக் கால் வரவில்லை அக்கா. வெளியே போய் இன்ஜினை அணைத்துவிட்டு, உனக்குப் போன் போட்டு, "உன் ஊரு எரியுது, எப்படி வர்றது?" என்றேன். நீ, "ஆர்னி, நான் ஜன்னல்கிட்டதான் நிக்கிறேன். வெளியில மழை பெய்யுது" என்றாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? யாரோ உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு உன்னை அப்படிச் சொல்லவைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஜன்னல்கிட்ட நிற்கிற அக்காவை நம்பவில்லை, குப்பைத் தொட்டியை நம்பினேன். அந்தச் சட்டியை நானும் பெவ்வும் மூன்று நாள் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் தொட்டி அணையவே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை எரியும். ஒரு நாள் பெவ் பின்னலை மடியில் வைத்துவிட்டு, "ஏங்க, இந்தப் பச்சைச் சட்டைக்காரன் ரெண்டு வருஷமா இதே தொட்டியைத் தாண்டுறானே, பாவம், கால் வலிக்காதா?" என்று கேட்டாள். "அது வேற சைக்கிள், வேற தொட்டி" என்று அதட்டிவிட்டேன். எனக்கும் தெரியும் அக்கா. அது அதே தொட்டி என்று ஒப்புக்கொண்டால், நான் எதுக்காக வராமல் இருந்தேன் என்று எனக்கு நானே பதில் சொல்லணுமே. ஊர் எரிந்ததைவிட, ஊர் எரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

இப்போது என் பதினோரு நொடியைப் பார்த்த பிறகு கணக்காகத் தெரிகிறது. என் நாற்பது நிமிஷத்தில் அவ்வளவுதான் எடுத்தார்கள் என்றால், உன் பெரிய ஊரில் எந்த மூலையை எடுத்திருப்பார்கள்? அதனால் ஞாயிற்றுக்கிழமை டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். மேலே படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவிட்டேன். வீடு இழவு விழுந்த வீடு மாதிரி இருக்கிறது, ஆனால் பெவ்வுக்கு ரத்தக்கொதிப்பு குறைந்திருக்கிறது. கரடியும் குளிர்காலத் தூக்கத்துக்குப் போய்விட்டது. அது கொடுத்துவைத்தது, அது வீட்டில் டிவி இல்லை. ஆகவே பயப்படாமல் தாங்க்ஸ்கிவிங்குக்கு வா. பஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன், கையில் எதுவும் இல்லாமல் வருகிறேன். எனக்கு இப்போது எதற்கும் பயமில்லை. உனக்கும் பூனைக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும் நல்ல ஜீரணமும் கொடுக்கட்டும். பெவ் உன் கன்னத்தைத் தொட்டதாக நினைத்துக்கொள்.

என்றும் உன் தம்பி,
ஆர்னி டொலெஃப்சன்

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிரு. பனி எப்போ விழும்னு பார்க்க பெவ் வயரைச் செருகிச் சித்த நேரம் டிவியைப் போட்டா. உன் ஊரு. எரியுது. அதே தொட்டிதான், அதே பச்சைச் சட்டைதான், எனக்குத் தெரியாமலா? மூளைக்குத் தெரியுது, முட்டிக்குத் தெரியலை, ரெண்டும் உதறுது. மூணு வாரம் என்னால பொறுக்க முடியாது. நீ வர வேண்டாம், நான் வர்றேன். இப்பவே. வண்டியில தீயணைக்கிற சிலிண்டர் ரெண்டு ஏத்திட்டேன், பெவ் பாத்திர மூடியை எடுத்துக்கிட்டா, அதே உருளைக்கிழங்குச் சட்டியும் இருக்கு. அன்னைக்கு இதே பயத்துலதான் இன்ஜினை அணைச்சேன். இன்னைக்கும் பயம் ஒரு துளி குறையலை, ஆனா இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. இதைத் தபால்ல போடலை, நானே கொண்டாந்து உன் கதவுக்கு அடியில தள்ளுறேன். முழுசாப் படிச்சிட்டுக் கதவைத் திற. எவ்வளவு நேரமானாலும் வெளியில நிக்கிறேன். உள்ளேயிருந்து நீ மழை பெய்யுதுன்னு சொன்னா, என் தலை காஞ்சிருந்தாலும் நான் நம்புறேன். பெவ் ஹார்ன் அடிக்கிறா. "ஏங்க, சட்டி மடியைச் சுடுது! கையுறை எடுக்கப் போன மனுஷன் இந்தத் தடவையும் உள்ளேயே உக்காந்துராதீங்க!"ன்னு கத்துறா. இதோ வந்துட்டேன். அக்கா, அன்னைக்கு அத்தான் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு நான் உன்கிட்ட சொல்லணும்னு இருந்தது என்னன்னா,