ரொட்டிக் கடையில் என் முறை

அன்புள்ள தங்கை கசில்தாவுக்கு,

பலென்சியாவிலிருந்து உன் அக்கா எர்மினியா எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் இரண்டு முட்டிகளும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் ஓயாமல் குரைக்கிற அந்த நாயும் நலமாக இருக்க அந்தோணியார் அருள் புரியட்டும். நாம் இத்தனை காலம் பேசாமல் இருப்பதற்கு என்னவோ ஒரு காரணம் இருந்தது, அதை நான் மறந்துவிட்டேன், நீயும் மறந்துவிடு. இது சந்தோஷக் கடிதம். உன் அக்கா இங்கிலாந்துக்குப் போய், அவர்கள் ஊரில், அவர்கள் பாஷையிலேயே பேசி ஜெயித்துவிட்டு வந்திருக்கிறாள்.

என் மகன் தாமியான் எக்ஸிட்டரில் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியபோது நீ வரவில்லை (அதையும் மறந்துவிட்டேன்), அதனால் அங்கே எனக்கு நடந்த அவமானம் உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை, நல்ல மழை, சம்பந்தியம்மா மாரீன் என்னை ரொட்டிக் கடை வாசலில் விட்டுவிட்டுப் பக்கத்துத் தபால் ஆபீசுக்குப் போனாள். நம் சந்தையில் எப்படி என்று உனக்குத் தெரியாததா, மீன் கடையில் நுழைந்ததும் "கடைசி யாரு?" என்று கேட்போம், ஒரு கை உயரும், அவளுக்குப் பின்னால் நான் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வெங்காயம் வாங்கப் போவோம், நாலு வீட்டுக் கதை கேட்போம், திரும்பி வந்தால் நம் முறை நமக்காகக் காத்திருக்கும், யாரும் யார் முதுகையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அப்படித்தான் நானும் உள்ளே போய் நம் பாஷையில் சத்தமாகக் கேட்டேன், சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி கையைத் தூக்கினாள், சரி, இவளுக்குப் பின்னால் நான் என்று வெளியே கூரைக்கடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் குடையோடு ஒரு நெட்டை மனிதர் வந்தார், என் கண் முன்னால் வந்தார். சிவப்புத் தொப்பி ரொட்டி வாங்கி முடித்ததும் நான் எழுந்து உள்ளே போய் நின்றேன். அவ்வளவுதான், அந்த நெட்டை மனிதர் குடையை நீட்டிப் பின்னால் காட்டுகிறார், கடை முழுக்க "த்ச்" என்கிறது, அந்த நேரம் பார்த்து மாரீன் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்து எல்லாரிடமும் என்னவோ சொல்லிச் சிரிக்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டிலும் அதையே சொல்லிச் சிரித்தாள், தாமியானை உலுக்கிக் கேட்டபிறகுதான் அவள் சொன்னது தெரிந்தது: "மன்னிச்சுக்குங்க, இவங்க ஊர்ல வரிசைங்கிற பழக்கமே கிடையாது."

நம் ஊரில்! முறை தவறிய ஒருத்தி மறுநாள் கோயில் வாசலில் தலை காட்ட முடியாத நம் ஊரில்!

"அந்தம்மா தொப்பியைச் சரி பண்ணிருப்பாங்கம்மா" என்றான் தாமியான்.

"தொப்பி சரியாத்தான் இருந்துச்சு."

"சரி விடும்மா, நான் மாரீன்கிட்ட எடுத்துச் சொல்றேன்."

"நீ சொல்லாதே. அவமானப்பட்டது என் முகம், என் வாய்தான் பேசணும்."

ஊருக்குத் திரும்பின கையோடு நகராட்சி நடத்தும் பெரியவர்கள் பள்ளியில் சேர்ந்தேன். டீச்சர் பெகோனா "எதுக்காக இங்கிலீஷ் படிக்கிறீங்க?" என்று கேட்டாள். மற்றவர்கள் சுற்றுலா, வேலை, பொழுதுபோக்கு என்றார்கள். நான் "ஒருத்தருக்குப் பதில் சொல்ல" என்றேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: நீங்கள் வந்தபோது நான் வந்துவிட்டிருந்தேன். அதற்குப் பாஸ்ட் பெர்ஃபெக்ட் வேண்டுமாம், வசந்தத்தில்தான் வருமாம். குளிர்காலம் முழுக்க என் பெயரையும் பென்சிலின் நிறத்தையும் சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் வந்தது. நடந்துபோன இரண்டில் எது முதலில் நடந்ததோ அதன் தலையில் ஹேட் வைக்க வேண்டும். இவ்வளவுதானா? நம் மொழியில் இது தாய்ப்பாலோடு வருகிறது, நம் வீட்டில் இது இல்லாமல் ஒரு சண்டைகூட நடந்ததில்லை. ஆனால் டீச்சர் உதாரணம் சொன்னாள்: நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் போய்விட்டிருந்தது.

"யாரால லேட்டு?" என்று கேட்டேன்.

"யாராலயும் இல்லம்மா, சும்மா ஒரு உதாரணம்."

ரயிலைத் தவறவிட்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாத அது என்ன குடும்பமோ. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த, லாரி ஓட்டி ஓய்வு பெற்ற நிக்காசியோ என்பவன் எல்லா வார்த்தைக்கும் ஹேட் போட்டிருந்தான். கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்னு போட்டேன்" என்கிறான். "எல்லாமே முன்னாடி நடந்துட்டா பின்னாடி என்னய்யா நடந்துச்சு?" என்றேன், வகுப்பே சிரித்தது. என் தொல்லை வேறு. நம் மொழியில் வினைச்சொல்லே ஆளைச் சொல்லிவிடுகிறது, இங்கிலீஷில் ஒவ்வொரு தடவையும் ஐ சொல்லியாக வேண்டும், நான் விட்டுவிட்டு விட்டுவிட்டுப் போனேன்.

"எர்மினியாம்மா, நான் எங்கே, நான்?" என்பாள் டீச்சர்.

"எதிர்லயே நிக்கிறேனே, தெரியலையா?"

முதலில் அது திமிர் பிடித்த பாஷை என்று நினைத்தேன், பிறகு பழகிப் பார்த்தால் எனக்கு ரொம்பப் பொருந்துகிறது. பாத்திரம் கழுவும்போதும் என் வாக்கியத்தைச் சொன்னேன், பூசையில் முழந்தாளிடும்போதும் சொன்னேன், அந்தோணியாருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

இந்த மாதம் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போனேன். சனிக்கிழமை காலை மாரீனிடம் "ரொட்டிக் கடைக்குப் போலாம்" என்றேன். போனால், கசில்தா, கடவுள் இருக்கிறார், வரிசையின் நடுவில் அதே நெட்டை மனிதர், அதே குடை, வெளியே வெயில்! நேரே அவர் முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமி, ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்: "வென் யூ கேம், ஐ ஹேட் ஆல்ரெடி கம்."

மாரீன் தக்காளி மாதிரி ஆகிவிட்டாள்.

"எப்போ?" என்றார் அவர்.

"என் மகன் கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை. மழை. நீங்க எள்ளு ரொட்டி வாங்குனீங்க."

பாவி மனிதருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. நான் ஒரு குளிர்காலம் முழுக்கச் சுமந்ததை அவர் கடை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் "சாரி" என்றார். அவர் சொன்னதும் பின்னால் இருந்தவள் சாரி என்றாள், வரிசையே சாரி என்றது, அன்று பிறந்திராத ஒரு குழந்தையின் அம்மாகூடச் சொன்னாள். பிறகு நெட்டை மனிதர் ஒதுங்கி, "நீங்க முதல்ல போங்கம்மா" என்றார்.

முதலில் போவதா? அப்புறம் மாரீன் அன்று சொன்னது உண்மையாகிவிடாதா? "வேண்டாம்" என்றேன். கடையைப் பார்த்துத் திரும்பி, இந்தத் தடவை அவர்கள் பாஷையிலேயே கேட்டேன்: "கடைசி யாரு?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாசலோரம் நர்ஸ் உடுப்பில் நின்றவள் மெதுவாகக் கையைத் தூக்கினாள். தலையில் தொப்பி இல்லை, கவனித்துக்கொள். "நான்தான்" என்றாள்.

"உங்களுக்குப் பின்னாடி நான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். மாரீன் கொஞ்ச நேரம் வாசலில் தவித்தாள். பிறகு உள்ளே எட்டி, "அவங்களுக்குப் பின்னாடி நான்" என்றாள், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டு, "எனக்கும் முட்டி வலி சம்பந்தி. ஆயுசு முழுக்க நின்னுக்கிட்டேதானே இருந்திருக்கேன்" என்றாள். அடுத்து வந்த ஒரு கிழவரும் உள்ளே எதையோ கேட்டுவிட்டு வந்து "கொஞ்சம் நகருங்க" என்றார். எங்கள் முறை வந்தபோது அந்த நர்ஸ் ரொட்டிப் பையோடு வெளியே வந்து என் தோளைத் தொட்டாள். "அம்மா, அடுத்தது நீங்க."

அந்த ரொட்டியில் உப்பே இல்லை. ஆனாலும் கடைசித் துண்டுவரை நானே தின்றேன்.

ஆகையால் தங்கச்சி, உன் அக்காவின் நெஞ்சு இப்போது கழுவிய தட்டு மாதிரி இருக்கிறது, உலகத்தில் யார் மீதும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் வீட்டுக்காரருக்கு என் மரியாதை, நாய்க்கும் ஏதாவது சொல்.

உன் பிரியமுள்ள அக்கா,
எர்மினியா

பி.கு.: அம்மா உயிரோடிருந்த கடைசி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கறிக்கடையில் நீ நுழைந்தபோது நான் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தேன். கடைசி யார் என்று நீ கேட்கவில்லை. இருந்த ஒரே ஆட்டுத் தொடையை வாங்கிக்கொண்டு போனாய். இதை இப்போது என்னால் இரண்டு பாஷையில் சொல்ல முடியும். நீ ஒரு பாஷையில் பதில் போட்டால் போதும்.