மேற்பரப்பே போதும்

"ஒரு பொருளை உடைக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படிப் பார்ப்பே?" என்று வேலைக்குச் சேரவந்த அன்று உதயசூரியன் சுபிதாவிடம் கேட்டிருந்தார்.

"குலுக்கிப் பார்ப்பேன் சார்" என்றாள். சிரித்துக்கொண்டே வேலை கொடுத்தார்.

இன்று அவர் சிரிக்கவில்லை. எதிரே படகுக்காரர் தம்பையா உட்கார்ந்திருந்தார். பாராடாங் தீவுப் பக்கம் ஓடும் அவருடைய படகுக்கு வாங்கிய புதுப் பம்பை, கப்பலில் அனுப்பி, சென்னையில் ஒரு லேபில் சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். பம்பு அங்கேயே இருக்க, பதிவு மட்டும் இந்த ஷாதிபூர் அலுவலகத்துக்கு வந்திருந்தது. வார்ப்பில் ஓட்டை இல்லை என்று இவர்கள் அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அதைத் திரையில் எந்த முறையில் காட்டுவது என்பதுதான் தகராறு. சுபிதாவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"மேற்பரப்பைக் காட்டு, போதும்" என்றார் உதயசூரியன்.

காட்டினாள். பம்பு, துலக்கி வைத்த குடம் மாதிரி பளபளவென்று சுழன்றது.

"அரே, இதைத்தான் நேர்லயே பார்த்தாச்சே! வயித்துவலின்னு வந்தா சட்டையை மட்டும் பார்த்து அனுப்புவீங்களா?" என்றார் தம்பையா.

"சரி, அடர்த்தி அதிகமான இடத்தை மட்டும் காட்டுற முறையை வை."

வைத்தாள். உலோகம் முழுக்க ஒரே வெளிச்சம். அதைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

"நான் வாங்கினது பம்பா, ட்யூப் லைட்டா?"

"துண்டு துண்டா வெட்டிக் காட்டட்டுமா சார்?" சுபிதாவின் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வேண்டாம்."

"காட்டும்மா நீ" என்றார் தம்பையா.

ரொட்டியை நறுக்குவதுபோல் ஒவ்வொரு துண்டாக நகர்த்தினாள். உலோகம் சுத்தம். ஆனால் நடுவே, காலியாக இருக்கவேண்டிய குழிக்குள், புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது.

"வார்ப்பு மணல். உதறினா போயிடும். சலோ, ரிப்போர்ட் அடி."

"மணல் லைன் கட்டியா நிக்கும்?" என்றார் தம்பையா.

"உலோகத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கினா தெரிஞ்சிடும்" என்று சுபிதா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"கரண்ட் போகப்போகுது, கம்ப்யூட்டரை அணை!" என்றார் உதயசூரியன்.

அதற்குள் தம்பையா அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். பம்பு மெல்லக் கரைந்தது. உள்ளே ஒரு முதுகெலும்பு தெரிந்தது. இருபுறமும் முட்கள். கடைசியில் வால். பிளந்து காயவைத்த சீலா மீன் ஒன்று, வாயை லேசாகத் திறந்தபடி படுத்திருந்தது.

"என் பம்புல கருவாடா? க்யா ஹை யே, என்ன இது?"

உதயசூரியன் சுபிதாவின் பக்கம் பாய்ந்தார். "அனுப்புறப்ப பம்பு வாயில துணியடைச்சு சீல் வெச்சது நீதானே? அரசாங்கத்துக்குப் போற வேலையில கருவாட்டுப் பார்சலா? நாளையிலேர்ந்து வராதே!"

"நான் சீல் மட்டும்தான் சார்..." அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டீ போடும் வைஜெயந்தி, போனை நீட்டியபடி உள்ளே வந்தாள்.

"சார், வீட்டம்மா லைன்ல இருக்காங்க. சென்னையில உங்க மக சங்கவி லேப்புக்கே போயிடுச்சாம். நீங்க பம்புக்குள்ள வெச்சுவிட்ட கருவாட்டை, சீல் பிரிச்சுத் தரமாட்டேன்றாங்களாம்."

உதயசூரியன் போனை வாங்கவில்லை. குடையை எடுத்தார். படியிறங்கிப் போனார்.