முட்டுக்கட்டை மாமாவும் இழுக்க ஆளில்லாத வீட்டுவண்டியும்

ஓடுகிற வண்டியை நிறுத்த உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஓடாத வண்டியையும் நிறுத்திக் காட்டிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் முட்டுக்கட்டை மாமாதான்.

மாமா என்றால் என் மாமியாரின் அண்ணன். மனைவி போன பிறகு தங்கை வீட்டோடு வந்து தங்கிவிட்டவர். வெள்ளிச்சந்தைப் பக்கம் எங்கள் தெருவில் அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. முட்டுக்கட்டை வீடு என்றால் கைக்குழந்தைகூட விரல் நீட்டும். ஆனால் அவர் முகத்துக்கு நேரே அந்தப் பெயரைச் சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. எனக்கும்தான்.

பார்த்த வேலை இன்சூரன்ஸ் ஏஜென்ட். அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காப்பியையே குடித்துக்கொண்டு, "ஆண்டவர் காக்கட்டும், ஒருவேளை நாளைக்கு நீங்க இல்லைன்னு வச்சுக்கிடுங்க" என்று பேச்சை ஆரம்பிக்கிறவர். ஓய்வு பெற்றதும் அந்த 'ஒருவேளை'யை மூட்டை கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். மொட்டை மாடியில் கல்யாணப் பந்தல் போடலாமா? "ஒருவேளை காத்தடிச்சா?" கிணறு தோண்டலாமா? "ஒருவேளை வெள்ளம் வந்துட்டுன்னா? பிள்ளைக விழுமே!" எங்கள் பக்கம் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர்; அது வருவதற்குத்தானே ஐயா கிணறு! ராத்திரிக் குடும்ப ஜெபத்தை அவரிடம் விட்டால் போச்சு. "ஆண்டவரே, கேஸ் சிலிண்டர் வெடிக்காம, ஃபேன் கழண்டு விழாம, மீன் முள்ளு தொண்டையில சிக்காம..." என்று ஆரம்பித்து அவர் ஆமென் சொல்லும்போது வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது.

பெயர் அப்படி வந்தது. நிஜமான கட்டை பிற்பாடுதான் வந்தது. பலாமரத்தில் முக்கோணமாக அறுத்த, தூக்கினால் கை வலிக்கிற கட்டை. துணிப்பையில் அதைப் போட்டுக்கொண்டுதான் கடைக்கும் கோயிலுக்கும் போவார். எங்கே ஒரு வண்டி நின்றாலும் அதன் சக்கரத்துக்குக் கீழே கட்டை போய்விடும். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸுக்கே வைத்துவிட்டார். கண்டக்டர் விசிலடிக்கிறார், டிரைவர் மிதிக்கிறார், பஸ் உறுமுகிறது, நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தடியில் கட்டை.

"ஓய், பெரியவரே! ஒமக்குக் கிறுக்கா? தட்டையான ரோடும்லா இது!" என்று கண்டக்டர் கத்தினார்.

"தட்டைன்னு ஆருக்குத் தெரியும்? ஒருவேளை லேசாச் சரிஞ்சிருந்தா?"

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் குடும்பத்துக்கு வண்டி பார்க்கும் பொறுப்பு போய்ச் சேர்ந்தது. இதில் இன்னொரு விசேஷம், அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. சைக்கிள்கூட!

நடந்தது இதுதான். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் பழைய வாய்தான், அதற்கு ஒரு குறையும் இல்லை. வீல்சேரில் உட்காருவார், ஆனால் காரில் நெடுநேரம் உட்கார முடியாது. படுக்க வேண்டும், கக்கூஸ் பக்கத்திலேயே வேண்டும். ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் போகாமல் வருஷங்கள் ஓடின. கல்யாணத்துக்கு முன்னால் மூணாறில் நர்ஸாக இருந்தவர். "எனக்க மேல மூணாறு குளிர் இன்னும் ஒரு தடவ படணும்" என்பார். வேறொன்றும் கேட்டதில்லை.

மஸ்கட்டில் இருந்து திரும்பிய மூத்த அத்தான் - அத்தையின் தலைமகன் - அங்கே பாலைவனத்தில் வெள்ளைக்காரர்கள் காருக்குப் பின்னால் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். மார்த்தாண்டத்தில் ஒரு லாரி பாடி பில்டிங் பட்டறையில் சொல்லி, அதே மாதிரி ஒன்று செய்துவிட்டார். கட்டில், அடுப்பு, கக்கூஸ், வீல்சேர் ஏறச் சாய்வுப் பலகை எல்லாம் உண்டு. மூன்று பிள்ளைகள், மருமக்கள், பேரக்குட்டிகள் என்று எங்கள் பதின்மூன்று பேரையும் அடைக்கிற வெள்ளை வீட்டுவண்டி. பட்டறைக்காரர்கள் லாரியில் கோத்துக் கொண்டுவந்து எங்கள் மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்து ஓரத்தில் விட்டுவிட்டு லாரியோடு போய்விட்டார்கள். எல்லோரும் கைதட்டினோம். மாமா மட்டும் சக்கரத்துக்கெல்லாம் கல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"செரி மக்கா. இத இழுக்கது ஆரு?"

அத்தான் முழித்தார். அதை அவர் யோசிக்கவே இல்லை.

முதலில் அத்தான் சொன்னது, புதிதாக ஒரு பெரிய கார் வாங்கிவிடலாம் என்று. ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய பையன் மைலேஜ் சொன்னான், பாட்டுப்பெட்டி காட்டினான், பித்தானை அமுக்கிக் கூரையைத் திறந்தான்.

"கூரையில எதுக்குடே ஓட்டை? மழை பெய்யும்லா?" என்றார் மாமா. "அது கெடக்கட்டும். இது நிக்குமா?"

"சார், சூப்பரா ஓடும் சார்."

"ஓடுகத ஆரு கேட்டா? பொறத்தால ஒரு வீடு தள்ளிக்கிட்டு வரும்போ, இறக்கத்துல நிக்குமா?"

பையன் என்னைப் பார்த்தான். "மேடம், பொறத்தால வீடு எதுக்கு வருது?"

மாமா ஷோரூம் என்றும் பாராமல் தரையில் உட்கார்ந்து காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, வீட்டுவண்டியின் எடை தெரியாமல் வண்டி வாங்குவது பெண் பார்க்காமல் கல்யாணம் நிச்சயிப்பது போல என்று சொல்லி எழுந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை தெரிந்தவரின் லாரி ஒன்றை அரைநாளுக்குக் கெஞ்சி வாங்கிக் கோத்து, ரோட்டோர எடைமேடைக்கு வீட்டுவண்டியைக் கொண்டுபோனோம். லாரியைக் கழற்றி நகர்த்தினோம். வெறும் வண்டியை நிறுத்தால் போதாதாம். பயணத்துக்குப் போகிற மாதிரி அரிசி, குக்கர், மெத்தை, பதின்மூன்று உருப்படி எல்லாம் உள்ளே இருக்க வேண்டுமாம்.

எடைமேடையில் ரோட்டைப் பார்க்க ஒரு பெரிய போர்டு. சிவப்பு எழுத்தில் எடை எரியும். எங்கள் எடை எரிந்தது. டீக்கடையில் நின்ற கூட்டம் அண்ணாந்து பார்த்து, "அம்மோ!" என்றது.

"எங்க கனம் கூடுகுன்னு பாக்கணும். ஒவ்வொருத்தரா எறங்குங்க" என்றார் மாமா.

மூத்த மருமகள் இறங்கினார். போர்டில் எண் தடதடவென்று குறைந்தது. கடைக்குட்டியான நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, என்ன சிரிப்பு? நீயும் எறங்கிப் பாரு!" என்று சண்டை ஆரம்பமாகிவிட்டது. நான் என் முறை வரும்முன் மெத்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என்னை இறக்க யாராலும் முடியவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பெண்கள் யாரும் யாரோடும் பேசவில்லை, சோறும் தின்னவில்லை.

பேசியது மாமா மட்டும்தான். "காரவிட வீடு கனம். மாடுதான் வண்டிய இழுக்கணும். வண்டி மாட்ட இழுத்தா? காரு வேண்டாம். மூணாறும் வேண்டாம், கொண்டை ஊசி வளைவு சாஸ்தி. குத்தாலம் போவோம்."

அடுத்து ரப்பர் எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப் ஒன்று. கொக்கியில் மாட்டியதும் வீட்டுவண்டியின் முன்பக்கக் கனம் ஜீப்பின் பின்பக்கத்தை அமுக்க, ஜீப் மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. டிரைவர் பயந்து குதித்துவிட்டார். மாமா எங்களைப் பின்கட்டிலுக்கு மாற்றினார், அரிசி மூட்டையை மாற்றினார், மறுபடியும் எங்களை மாற்றினார். யாரை எங்கே வைத்தாலும் அவருக்குத் திருப்தி வரவில்லை. குற்றாலமும் ரத்தாகி, பக்கத்துத் திற்பரப்பு அருவி போதும் என்றானது. அதன் பிறகு ஒரு மினி லாரி. "ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துல சாஞ்சிரும்" என்றார். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்று சொன்னோம். "ஒருவேளை வழி தப்பினா?"

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தைக்கு ஒருநாள் ராத்திரி மறுபடியும் வாய் கோணி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த முறை தப்பித்தது, அடுத்த முறை சொல்ல முடியாது என்றார் டாக்டர். திரும்பி வந்த அன்று அத்தை தோட்டத்து வெள்ளை வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கிடந்தார். வண்டி கிடைப்பதற்குள் இந்த மனுஷி போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு. அன்றைக்கு மாமாவின் மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

அத்தைக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, நான் மூணாறு போய்ச் சேருகனா, ஒரேயடியாப் போய்ச் சேருகனா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு!"

மாமா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து டிராக்டர் சத்தம் கேட்டது. பக்கத்து வயல்காரரின் டிராக்டர் முன்னால் வர, மாமா அதன் பின்னால் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்.

"இது கொள்ளாம்" என்றார். நன்றாயிருக்கிறது என்று பொருள்படும் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"டிராக்டரா? மானம் போவும் மாமா!" என்றார் அத்தான். "இழுக்க பலம் இருக்குன்னு சொல்லுகியளா?"

"பலம் கெடக்கட்டும்டே. இதுக்க பொறத்த என்னால நடக்க முடியும்."

வண்டியைத் தேர்ந்தெடுக்க உலகத்தில் வேறு எவனும் கண்டுபிடிக்காத அளவுகோல்! அத்தை மட்டும் உடனே சொன்னார்: "டிராக்டரோ டெம்போவோ, என்ன வெளிய கொண்டு விடுங்கப்பா."

ஆக, மூணாறு சுருங்கிச் சுருங்கிப் பக்கத்துக் கடியப்பட்டணம் கடற்கரை ஆனது. மறுநாள் காலையில் ஜெபம் முடிந்து (அன்றைய ஜெபத்தில் டிராக்டரின் நட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பம்) பதின்மூன்று பேரும் வீட்டுவண்டியில் ஏறினோம். மாமா ஏறவில்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். சமதளத்தில் மட்டும் படியில் தொற்றிக்கொள்வார். பின்ஜன்னல் வழியாக அவர் வழுக்கைத் தலை வெயிலில் மின்னுவதைப் பார்த்து, "இந்த மனுஷனுக்கு ஏன் இந்தப் பதட்டம், இந்த வெப்ராளம்?" என்று எரிச்சலோடு என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒனக்குத் தெரியாதா? அம்மா மொதல்ல விழுந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல் சரிவுல கார நிப்பாட்டிட்டு டிரைவர் ஸ்ட்ரெச்சர் எடுக்க ஓடிட்டான். அம்மா உள்ள கெடக்கா. காரு பைய பொறத்த உருள ஆரம்பிச்சிட்டு. மாமா ஒத்தைக்கு முதுகக் கொடுத்துத் தாங்கி நின்னாரு. கத்தக்கூட மூச்சில்ல. ஆளுக ஓடி வாற வரைக்கும் அப்படியே நின்னாரு. மறுநாளே ஆசாரிகிட்டப் போயி கட்டை அறுத்தாரு."

நான் மறுபடி பின்ஜன்னலைப் பார்த்தேன். கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

கடற்கரையில் கூட்டம் கூடிவிட்டது. "என்ன, பிரியாணிக் கடையா?" என்றார் ஒருவர். "இல்லடே, வோட்டு கேக்க வந்திருக்காவ" என்றார் இன்னொருவர். ஒரு மீன்காரம்மா எட்டிப் பார்த்து, அடுப்பைக் கண்டதும் சாளை மீனுக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார். பலகையைச் சாய்த்து அத்தையை வீல்சேரோடு இறக்கினோம். கடலைப் பார்த்துச் சரிகிற சிமெண்டுத் தளம். வீல்சேரின் பிரேக் ஏற்கெனவே லொடலொடதான். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். எத்தனை கைகள்! அத்தைக்குக் கடல் தெரிந்திருக்காது, எங்கள் முழங்கைகள்தான் தெரிந்திருக்கும்.

"எல்லாரும் கைய எடுங்க. நான் கொஞ்சம் தனியா இருக்கணும்."

"உருண்டிரும் அத்தே!" என்று நான் அலறினேன்.

அத்தை தலையைத் திருப்பாமல், நல்ல சத்தமாக, "அண்ணே, அந்த முட்டுக்கட்டையப் போடு" என்றார்.

அந்தப் பெயர்! அவர் முன்னால்! மாமா குனிந்து, பையிலிருந்து கட்டையை எடுத்து, சக்கரத்துக்கு முன்னால் வைத்து, காலால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினார். நாங்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தோம்.

"ஏட்டி, நிக்குமா?" என்று மாமா கேட்டார்.

"நிக்குதுண்ணே. நீ போ. போய் இரி."

அவர் போகவில்லை. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் முந்தானை பறந்தது. "மூணாறு குளிரு அளவுக்கு இல்ல. ஆனாலும் கொள்ளாம்" என்றார்.

போன வருஷம் மாமா உறக்கத்திலேயே போய்விட்டார், யாருக்கும் ஒரு வெப்ராளமும் கொடுக்காமல். அத்தை இருக்கிறார். இப்போது மறுபடியும் மூணாறு கேட்கிறார். அத்தான் தினமும் ஒரு வண்டியைப் போனில் காட்டுகிறார். எந்த வண்டியைக் காட்டினாலும் வீட்டில் எல்லோரும் சரி, சரி என்கிறார்கள்.

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா.