குற்றமற்ற ஊரில் ஒரு குற்றவியல் ஆய்வு

ஐரோப்பாவிலேயே குற்றம் நடக்காத ஊர் ஒன்று உண்டென்றால் அது பல்கேரிய மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர்தான். எங்கள் காவல் நிலையமே அப்படிச் சொல்கிறது. அதைவிட விவரம் தெரிந்தவர்கள் யார்?

என் தம்பி ஒக்னியானின் சாவு இந்தப் பெருமைக்குக் களங்கம் எதுவும் உண்டாக்கவில்லை. ஆற்று மணல் யாருடைய லாரியில் போகிறது என்று நீதிமன்றத்தில் சொல்ல இருந்தான். அதற்கு முந்தைய வாரம் ஏரியில் மிதந்தான். ஜனவரி மாதம், ஏரி பாதி உறைந்திருந்தது. கைகள் முதுகுக்குப் பின்னால் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. ‘நீச்சலில் கவனக்குறைவு’ என்று காவல்துறை முடிவு செய்தது. கையைக் கட்டிக்கொண்டு நீந்துவது கவனக்குறைவுதான், மறுப்பதற்கில்லை.

இப்பேர்ப்பட்ட ஊருக்குக் குற்றவியல் ஆய்வு செய்ய தலைநகர் சோபியாவிலிருந்து டாக்டர் ரங்கெலோவா வந்தார். அனுமதி தாராளமாகக் கிடைத்தது. மணல், மேயர், தேர்தல், கொலை ஆகிய சொற்களை விட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவருடைய ‘பாதுகாப்பு’க்காகக் காவல் அதிகாரி மீர்ச்சோ கூடவே உட்கார்ந்திருப்பான். அவன் என் பள்ளித் தோழன். மற்ற வீடுகளில் எல்லாரும் வானிலையைப் பற்றி மனம்விட்டுப் பேசினார்களாம். கடைசியாக என் சமையலறைக்கு வந்தார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தம்பி கொல்லப்பட்டான் என்று எங்காவது ஓரிடத்தில் அச்சில் வர வேண்டும்.

“அக்கா, உங்க குடும்பத்துல ஏதாவது...” டாக்டர் மீர்ச்சோவைப் பார்த்தார்.

“‘சங்கடம்’னு கேளுங்க டாக்டரம்மா,” என்றான் அவன், நான் சுட்ட பாலாடைக்கட்டிப் பலகாரமான பனித்சாவை மென்றபடி.

“ஏதாவது சங்கடம் நடந்ததா?”

“என் தம்பியைக் கொன்னுட்டாங்க.”

“அது தண்ணி சம்பந்தப்பட்ட சங்கடம்,” என்றான் மீர்ச்சோ. “ நீர்வளத் துறைக்குப் போகும். அடுத்த கேள்வி.”

“ஏன்டா மீர்ச்சோ, சின்ன வயசுல அவன் சவாரி பண்ணினது உன் தோள்லதானே?”

“அதனாலதான் சொல்றேன் கலீனா, பேசாம இரு. இன்னொரு துண்டு வை.”

டாக்டர் பேனாவை மூடினார். “ஒரு குற்றம்கூட இல்லாம நான் எப்படிப் போறது? இந்த ஊரையே ஆய்விலேருந்து எடுத்துடுவாங்க.”

மீர்ச்சோ இளகிய மனசுக்காரன். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப மாட்டான். சற்று யோசித்தான்.

“இருக்கே ஒண்ணு. இதோ, இவளேதான்.”

இறந்தவரின் படம் போட்ட அஞ்சலித் தாளை ஆண்டுதோறும் கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவது எங்கள் வழக்கம். ‘பிரிந்து சென்றார்’ என்றுதான் அச்சடிக்க வேண்டும். நான் ‘கொல்லப்பட்டான்’ என்று அடித்து, காவல் நிலையச் சுவரில், நிலைய அதிகாரியின் தாயாருடைய தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். அரை நாளில் பிடித்துவிட்டார்கள்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“அப்போ நீங்க குற்றவாளி. குற்றவாளிகிட்ட காரணம் கேக்கணும், சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம எழுதணும். எங்க விதி அது. ஏன் ஒட்டினீங்க?”

“என் தம்பியைக் கொன்னாங்க. அதனால ஒட்டினேன்.”

எழுதினார். மீர்ச்சோ மெல்வதை நிறுத்தினான். “டாக்டரம்மா, அந்த வார்த்தை...”

“நான் கேக்கலியே சார். குற்றவாளி தானா சொன்னது.” என் பக்கம் திரும்பினார். “மறுபடியும் செய்வீங்களா?”

“ஜனவரியில.”

“திருந்தாத ஜென்மம்,” என்று முணுமுணுத்தான் மீர்ச்சோ. அதையும் எழுதிக்கொண்டார்.

ஆய்வு நூலாக வந்துவிட்டது. நான் சொன்ன காரணம் ஒரு எழுத்து மாறாமல் அச்சில் இருக்கிறது. எங்கள் ஊரில் நடந்த குற்றம் ஒன்று, துப்புத் துலங்கியது நூற்றுக்கு நூறு. மேயர் பாராட்டு விழா எடுத்தார். ஊரின் ஒரே குற்றவாளி என்ற முறையில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி. பதக்கம் வாங்கிய மீர்ச்சோ மட்டும் என் பக்கம் பார்க்கவில்லை.

பசை தடவிய கையை அரை நாளில் கண்டுபிடித்த திறமைசாலிகளுக்குக் கம்பி முறுக்கிய கை மட்டும் ஏன் இன்னும் அகப்படவில்லை என்று அங்கே எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஊரில் குற்றம் இரு மடங்காகிவிடும்.