பச்சோந்தி பட்ஜெட்டில் டாக்ஸிக்கு இடமில்லை

நான் ஒருநாளும் கர்ப்பமாக இருந்ததில்லை. இதை ஒரு கட்டுரையின் முதல் வரியாக எழுத வேண்டி வந்ததே பெரிய அநியாயம். ஆனால் என்ன செய்வது? மொன்றியலில் எங்கள் ஆட்கள் கூடும் கலியாண வீடு, பிறந்தநாள் விழா, கோயில் அன்னதான வரிசை என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் முதலில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார். நாலு வருடமாக இதுதான் நடக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. திருகோணமலையிலிருந்து வந்து இரண்டு வருடம். இல்-பிசார் தீவில் அண்ணையின் வீட்டு பேஸ்மென்டில் இருந்தேன். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. மாலையில் பிரெஞ்சு வகுப்பு. மிச்ச நேரமெல்லாம் "எப்ப கலியாணம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை. (அதற்குச் சம்பளம் இல்லை.)

அப்படி ஒரு நாள் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போய்ப் படுத்திருந்தபோது, போனில் ஒரு பச்சோந்தியைப் பார்த்தேன். அதற்குக் கூட்டம் பிடிக்காதாம். தொட்டால் பிடிக்காதாம். ஒரு கண்ணால் முன்னாலும் மற்றக் கண்ணால் பின்னாலும் பார்த்துக்கொண்டு, கிளையொன்றில் தன்பாட்டில் இருக்குமாம். இதைவிட எனக்குப் பொருத்தமான சீவன் இந்த உலகத்தில் இல்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

அண்ணையிடம் சொன்னேன்.

"ஓணானோ?" என்றார். "ஊரில மதில் முழுக்கச் சும்மா ஓடித் திரிஞ்சதைக் காசு குடுத்து வாங்கப் போறியோ?"

"ஓணான் இல்லை அண்ணை. பச்சோந்தி. நிறம் மாறும்."

"அப்ப பெயின்ட் அடிச்ச ஓணான்."

"அது வீட்டுக்குள்ள வந்தா நான் அம்மா வீட்டை போயிடுவன்," என்றார் மச்சாள். (அண்ணையின் மனைவி. அவருடைய அம்மா வீடு ஆற்றுக்கு அப்பால் லாவாலில். கோடை காலத்தில் படகில் ஏறி இருந்தால், மூச்சு விடுவதற்குள் போய்விடலாம். அவ்வளவு பெரிய மிரட்டல் இல்லை.)

கடைசியில் அண்ணை தீர்ப்புச் சொன்னார். "சரி. பட்ஜெட் போட்டுக் காட்டு. அதுக்கு மேல ஒரு சதம் போகக்கூடாது."

இதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சம்பளம் என்னுடையது! சுவரைவிடப் பெரிய டிவி ஒன்றை அண்ணை வாங்கி வந்தபோது எந்தச் சபையில் பட்ஜெட் சமர்ப்பித்தார்? "என்ர காசு, என்ர பச்சோந்தி" என்று சொல்லிவிட்டு நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். போனேனா? இல்லை. யாராவது கணக்குக் கேட்டால் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிற பிறவி நான். மூன்று நாள் உட்கார்ந்து, கட்டம் கட்டமாகப் பட்ஜெட் போட்டேன்.

அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பிராணியின் விலை செலவுகளிலேயே சின்னது. காற்றோட்டத்துக்கு நாலு பக்கமும் வலை அடித்த உயரமான கூடு வேண்டும். வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கு, குளிர் காய இன்னொரு விளக்கு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காதாம். இலையில் இருக்கும் துளியைத்தான் நக்குமாம். ஆகவே மழைத் தூறல் போலத் தண்ணீர் தெளிக்க ஒரு மெசின். தெளித்த தண்ணீர் நிற்க உண்மையான செடிகள். சாப்பாட்டின் மேல் தூவக் கல்சியம் மா. நான் கனடாவில் வந்து இறங்கியபோது எனக்குத் தந்தது ஒரு ஜாக்கெட்டும் ஒரு சோடிச் சப்பாத்தும்தான்.

அண்ணை சிவப்புப் பேனையோடு வந்து உட்கார்ந்தார். செடிகளைப் பாதியாக வெட்டினார். "தண்ணி தெளிக்க மெசினோ? உனக்குக் கை இல்லையோ?" என்று அதையும் வெட்டினார். நான் கெஞ்சி அதை மீட்டேன். இப்படியே வெட்டிக்கொண்டு வந்தவர் கடைசி வரியில் நின்றார். அதில் நான் 'கிரிக்கெட் – மாதம் நாற்பது டொலர்' என்று எழுதியிருந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இதுதான் நல்ல வேலை. எல்லா மாட்சும் வருமோ?"

நான் எழுதியது பச்சோந்தி தின்னும் பூச்சியை. சுவர்க்கோழி என்று தமிழில் சொல்வோமே, கிர்ர் என்று கத்திக்கொண்டு துள்ளுமே, அது. கடையில் அதற்குப் பெயர் கிரிக்கெட். அண்ணையோ நான் டிவியில் கிரிக்கெட் சனலுக்குக் காசு கட்டப்போவதாக நினைத்துவிட்டார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"பேந்து பாப்பம் அண்ணை," என்று நழுவினேன்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் மாதம். கூடு தயார், விளக்கு தயார், மெசின் மணிக்கணக்குப்படி தூறியது. பச்சோந்தியை ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டும். சனிக்கிழமை, வாங்க மிச்சமாக இருந்தது பூச்சி மட்டும்தான். பட்ஜெட்டில் மிச்சம் இருந்த காசு பூச்சிக்குச் சரி. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலிக்குப் போதாது. அண்ணையின் காரில் போகலாம், ஆனால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். டாக்ஸிக்குப் பட்ஜெட்டில் இடமே வைக்கவில்லை. ஒரு சதம் மேலே போகக்கூடாது என்று சொன்ன மனிதருக்குப் பயந்து பஸ்ஸில் போனேன்.

டவுன்டவுன் கடையில் பச்சை நிறத் தலைமுடியோடு இருந்த பெண், இருநூற்றைம்பது பூச்சிகளைச் சப்பாத்துப் பெட்டி அளவில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் விட்டுத் தந்தாள். "குளிர் பட்டால் செத்துவிடும்," என்று இரண்டு தரம் சொன்னாள். வெளியே காற்று முகத்தை அறுத்தது. நான் போட்டிருந்தது அண்ணையின் பழைய ஜாக்கெட். எனக்கு மூன்று அளவு பெரியது. பெட்டியை அதற்குள் வைத்து, வயிற்றோடு அணைத்து, சிப்பைக் கழுத்து வரை இழுத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மெட்ரோவில் ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கிருந்து பஸ்ஸில் ஏறினேன். கால் வைக்க இடமில்லை. கைத்தடி பிடித்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் என்னைக் கண்டதும் கஷ்டப்பட்டு எழும்பி, தன் இருக்கையைக் காட்டினார். "மெர்சி" என்று சொல்லி உட்கார்ந்த பிறகுதான் அவருடைய கண் எங்கே நின்றது என்று கவனித்தேன்.

எழும்பி, "ஐயா, இது பிள்ளை இல்லை, பூச்சி" என்று சொல்ல நினைத்தேன். என் பிரெஞ்சு வகுப்பு இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவில்லை. பஸ் குலுங்கும்போது பெட்டி ஆடாமல் இருக்கக் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். கிழவர் கனிவோடு சிரித்தார்.

பஸ்ஸின் வெக்கைக்குப் பூச்சிகள் உசாராகிவிட்டன. கிர்ர்... கிர்ர்ர். கிழவர் சுற்றிப் பார்த்தார். நான் இருமினேன். பஸ் பாதி காலியான பிறகு, பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிள்ளை, நீ குமரன்ர தங்கச்சி எல்லோ?"

பரமேஸ் அன்ரி. டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். மச்சாளின் அம்மாவுக்கு உயிர்ச் சினேகிதி. எங்கள் ஆட்களின் எந்தச் செய்தியும் அவரிடம் பதியாமல் ஊருக்குள் போகாது. அன்ரி வந்து பக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்தார். கீழே பார்த்தார். முழு பஸ்ஸுக்கும் கேட்கும் இரகசியக் குரலில் கேட்டார்.

"எத்தினை மாசம்?"

"ஐயோ அன்ரி, அது அப்பிடி இல்லை."

"பயப்பிடாத பிள்ளை. இந்த நாட்டில இதெல்லாம் ஒரு கதையே? பெடியன் ஆர்? எங்கட ஆளோ?"

"அன்ரி, இது கிரிக்கெட்!"

"கிரிக்கெட் விளையாடுற பெடியனோ?"

அதையே திரும்பச் சொல்லிக்கொண்டு போனை எடுத்து, மச்சாளின் இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்துவிட்டார். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. இனிக் கதைத்து வேலையில்லை, திறந்து காட்டுவதுதான் ஒரே வழி என்று சிப்பை இழுத்தேன். அது பாதியில் சிக்கியது. இரண்டு கையாலும் முழுப் பலத்தோடு இழுத்தேன். சிப் திறந்தது. வேர்வையில் ஊறிப்போயிருந்த பெட்டியின் அடியும் திறந்தது.

இருநூற்றைம்பது என்பது தாளில் சின்ன எண். பஸ்ஸுக்குள் அது அப்படி இல்லை. மடியிலிருந்து கொட்டி, இருக்கைக்கு இருக்கை துள்ளி, கம்பிகளில் ஏறின. ஒருத்தி இருக்கையின் மேல் ஏறி நின்று அலறினாள். கிழவரின் தொப்பியில் மூன்று ஏறின. சாரதி தீவுக்குப் போகும் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டார்.

அந்த நேரத்திலும் எனக்கு ரோசம். நான் என்ன கள்ளக் கடத்தலா செய்தேன்? காசு கொடுத்து வாங்கிய சாமான்! நிமிர்ந்து நின்று, வகுப்பில் படித்த பிரெஞ்சில் உரத்துச் சொன்னேன்: "பூர் மொன் ஷமோ!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"உங்களுடைய ஷமோவுக்கா?" என்றார் சாரதி.

"ஓம். நாளைக்கு வீட்டுக்கு வருகிறது. விளக்கு, கூடு எல்லாம் வாங்கிவிட்டேன். பேஸ்மென்டில் வைக்கப்போகிறேன்."

பிரெஞ்சில் பச்சோந்திக்குக் கமேலியோன் என்று பெயர். ஷமோ என்றால் ஒட்டகம். இதைத் திங்கட்கிழமை வகுப்பில்தான் அறிந்தேன். சனிக்கிழமை எனக்குத் தெரிந்தது, சற்று முன் அலறியவள்கூட இருக்கையின் மேல் நின்றபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது மட்டும்தான்.

சிரிக்காமல் வேலை செய்தவர் ஒரே ஒரு ஆள். பரமேஸ் அன்ரி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மிச்சச் சோற்றைக் கடதாசியில் கொட்டிவிட்டு, முழங்காலில் நின்று பூச்சி பிடித்தார். "நாங்கள் வயலில பிடிக்காத பூச்சியே?" என்றார். நாற்பத்தொன்றைப் பிடித்தார். (இதனால்தான் அவர்மேல் முழுதாகக் கோபிக்கவும் என்னால் முடியவில்லை. இது இன்னோர் அநியாயம்.) சாரதி கதவுகளைத் திறந்துவிட, குளிரில் மற்றவை அங்கங்கே விறைத்துப்போயின. எல்லோரையும் இறக்கி, அடுத்த பஸ் வரும் என்றார். அந்தப் பக்கத்தில் அடுத்த பஸ் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே.

உருகிய பனிச் சேற்றில் நின்றோம். கிழவர் என் பக்கத்தில் வந்தார். எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மடாம், நீங்கள் கர்ப்பம் இல்லை."

"இல்லை."

"நான் உங்களுக்கு என் இருக்கையைத் தந்தேன்."

"ஓம்."

"என் முழங்காலில் ஆபரேஷன் செய்திருக்கிறது."

அவருடைய தொப்பியில் விறைத்திருந்த பூச்சியை எடுத்துவிட்டேன்.

வீட்டு வாசலில் அண்ணை ஜாக்கெட்டோடும் கார்த் திறப்போடும் என்னைத் தேடப் புறப்பட்டபடி நின்றார். போனில் மச்சாளுக்குக் கேட்டதெல்லாம் "கிரிக்கெட் விளையாடுற பெடியனோ" என்பதும், அதன் பிறகு பஸ் முழுக்க எழுந்த அலறலும்தான். பிறகு இணைப்புப் போய்விட்டது. அன்ரி முழங்காலில் நின்றதால் திரும்ப எடுத்தவர்களுக்கும் பதில் இல்லை. என் போனோ எப்போதோ செத்துவிட்டது. அண்ணையின் முகம் வெளிறியிருந்தது. அவரை அப்படி நான் கண்டதே இல்லை.

"ஆர் அவன்? உனக்கு என்ன செய்தவன்?" என்றார்.

நான் அன்ரியின் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினேன். திறந்தார். ஒன்று துள்ளி அவருடைய மீசையில் இருந்தது. அவர் அதைத் தட்டவும் இல்லை.

"இதுதான் கிரிக்கெட்டோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப... மாட்ச் வராதோ?"

"வராது."

படியில் அப்படியே இருந்துவிட்டார். கண்ணைத் துடைத்தார். "நான் செத்துப் பிழைச்சன் பிள்ளை," என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவர் வெட்டிய செடிகளை நான் மன்னித்தேன். பிறகு அவர் மாட்சைப் பற்றி ஒரு மணித்தியாலம் கத்தினார்; மன்னிப்பில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பச்சோந்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. இவ்வளவு மானம் போய்க் கொண்டுவந்த நாற்பத்தொரு பூச்சிகளையும் மூன்று நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் எல்லோரும் கூடி அதற்கு ஷமோ என்று பெயர் வைத்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. மச்சாள் லாவாலுக்குப் போகவில்லை; இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதே அவர்தான்.

அண்ணையின் மகளுக்கு ஐந்து வயது. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு அந்தச் சீவன் ஒட்டகம்தான், பிரெஞ்சிலும் ஷமோதான். திருத்த அண்ணை விடமாட்டார். போன மாதம் பள்ளிக்கூடத்தில் பாலைவனப் படமொன்றைக் காட்டியபோது அவள் எழும்பி, இது ஒட்டகம் இல்லை, ஒட்டகம் பச்சை நிறம், பேஸ்மென்டில் கூட்டுக்குள் இருக்கும், பூச்சி தின்னும், அது மாமியுடையது (மாமி நான்தான்) என்று சாதித்திருக்கிறாள். அவளைக் கூட்டிவரப் போன என்னிடம் ஆசிரியை மிகவும் பக்குவமாகக் கேட்டார், வீட்டில் உண்மையிலேயே ஒட்டகம் இருக்கிறதா என்று.

இப்போது என் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு. எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். ஆனால் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அவளைக் கைவிடப் போகிறேனா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் மடாம்," என்றேன். "பெண் ஒட்டகம்."